டாக்டர் இன்று அரியலூரில்

டாக்டர் உத்திராபதிக்குப் பெரம்பலூரில் ஒரு கிளினிக், அரியலூரில் ஒரு கிளினிக். என்றைக்கு எங்கே இருப்பார் என்பது அவருக்கே காலையில்தான் தெரியும். கைராசிக்காரர். பாம்புக்கடி என்றால் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று குன்னம் பக்கத்துச் சனங்கள் சத்தியம் செய்வார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. குன்னம் இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் போய், "டாக்டர் அரியலூர்ல இருக்காருங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். போன் போட்டால் எந்நேரமும் பிஸி.

அதற்காகத்தான் பட்டை வந்தது. கிளினிக் வெப்சைட்டின் உச்சியில் ஒரு கருப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் 'டாக்டர் இன்று அரியலூரில்'. அவர் அரியலூர் போகிற நாளில் மட்டும்தான் அது இருக்கும். பட்டை இல்லையென்றால் டாக்டர் பெரம்பலூரில். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் "பட்டையப் பாத்தியா?" என்று கேட்காமல் குன்னம் பக்கம் எந்த வீட்டிலும் வண்டியை எடுக்க மாட்டார்கள்.

பட்டை போடுவது அனிதா. பெரம்பலூர் கிளினிக்கின் நர்ஸ், பாடாலூர்ப் பெண். காலையில் டாக்டரிடம் கேட்டு, தன் போனிலேயே தட்டிவிடுவாள். ஒருநாளும் தவறியதில்லை. தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிய வேண்டிய மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் என்றால், அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்த குருநாதன். பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். கிளினிக், கல்யாண மண்டபம், வெங்காய மண்டி, நர்சரிப் பள்ளி என்று முப்பது நாற்பது வெப்சைட்டுகள் அவர் கையில் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு. எழுத்து எவ்வளவு பெரிசு, தலைப்பு என்ன நிறம், பட்டை எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பொது ஸ்டைல்'. அந்த ஃபைலில் கை வைத்தால் அத்தனை வெப்சைட்டும் மாறும்.

கை வைக்கிற வேலையை இரண்டு வருஷம் முத்தமிழ் செய்துகொண்டிருந்தாள். டிப்ளமோ படித்தவள், குருநாதனின் ஒரே ஆள். அப்புறம் ஏஐ ஏஜென்ட் வந்தது. என்ன வேண்டுமென்று தமிழில் சொன்னால் போதும், அதுவே ஃபைலைத் திறந்து, திருத்தி, வெப்சைட்டில் ஏற்றியும் விடும். குருநாதன் அதை 'நம்ம ஆளு' என்றுதான் சொல்வார். சம்பந்தி வீட்டுக்காரர் வந்தாலும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

நம்ம ஆளுக்கு ஒரு குணம் இருந்தது. கேள்வி கேட்கும். 'இந்த மாற்றம் மற்ற வெப்சைட்டுகளையும் பாதிக்கும். இங்கே மட்டும் மாற்றவா, எல்லா இடத்திலும் மாற்றவா?' என்று கேட்கும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் குருநாதன் பதில் சொன்னார். அடுத்த வாரம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, மாமியா மாரி நொய்நொய்யுன்னு? செய்யின்னா செய்ய வேண்டியதுதான? இதுக்கு ரெண்டு வெதி எழுதிப் போடு. ஒண்ணு, தனித்தனியா ஒட்டுப் போடக் கூடாது, எதா இருந்தாலும் பொது ஸ்டைல்லதான் மாத்தணும். ரெண்டு, கேள்வி கேக்கக் கூடாது."

முதல் விதிக்காவது ஒரு நியாயம் இருந்தது. முன்பு ஆளுக்கொரு ஒட்டுப் போட்டுத்தான் ஒருமுறை எல்லாம் குழம்பியது. இரண்டாவது விதிக்கு ஒரு நியாயமும் இல்லை. கேள்வி கேட்கிறவனைக் கண்டால் நமக்கு ஆகாது, அவ்வளவுதான். வகுப்பில் கேட்டால் அதிகப்பிரசங்கி, வீட்டில் கேட்டால் வாயாடி, ஆபீஸில் கேட்டால் வேலை தெரியாதவன். மெஷின் கேட்டாலும் அதே கதிதான். சொன்னது குருநாதன், தட்டியது முத்தமிழ்.

தை மாதம். முகூர்த்த நாட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. கல்யாண மண்டபத்துக்காரர் கண்ணையன் ஆபீஸ் படியேறி வந்து சத்தம் போட்டார்.

"என்ன குருநாதா, எம் மண்டபத்து வெப்சைட்ல உச்சில கருப்பாப் பட்டை ஓடுது! பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டு மொகத்தச் சுளிக்கிறாங்கய்யா. நல்ல காரியத்துக்குக் கருப்பு ஆவுமா? எழவு வூடா அது? மொதல்ல அதத் தூக்கு!"

அவர் கேட்டதில் தப்பில்லை. பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் ஊருக்குக் கொடுக்கிறோம். கருப்புக் கரை போட்டு வந்தால் பிரிக்காமலே தெரியும், என்ன சேதி என்று. குருநாதன் முத்தமிழிடம் திரும்பி, "நம்ம ஆளுகிட்ட சொல்லும்மா" என்றார். 'மண்டபத்து வெப்சைட்டில் கருப்புப் பட்டை வேண்டாம், எடுத்துவிடு' என்று அவள் தட்டினாள்.

டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'செய்துவிட்டேன். உங்கள் விதிப்படி பொது ஸ்டைலிலேயே பட்டையை மறைத்திருக்கிறேன். இனி எந்த வெப்சைட்டிலும் பட்டை தெரியாது. பட்டையைப் பயன்படுத்தும் மற்றவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.' இதற்குக் கீழே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. முத்தமிழ் படித்தது 'செய்துவிட்டேன்' என்ற ஒரு வார்த்தையைத்தான். மண்டபத்தின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். குங்கும நிறத் தலைப்பு, இரு பக்கமும் வாழைமரம், பட்டை இல்லை. கண்ணையனுக்குப் பரம திருப்தி. ஊசி போகிற இடத்தைப் பார்த்தவர்கள் உலக்கை போகிற இடத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அனிதா வழக்கம்போல் டாக்டரிடம் கேட்டாள். அரியலூர் என்றார். 'டாக்டர் இன்று அரியலூரில்' என்று தட்டினாள். 'பதிவாகிவிட்டது' என்று வந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்றைக்குக் குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டில் மக்காச்சோளக் கதிர் ஒடித்துக்கொண்டிருந்த ஜோதியை நல்ல பாம்பு கடித்தது. கெண்டைக்காலில் கடி. அவள் கணவன் தமிழழகன் நாலு சால் தள்ளித்தான் நின்றான். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது பாம்பு சோளத்தட்டைக்குள் போவதைக் கண்ணால் பார்த்தான். கதிர் ஏற்ற வந்த குட்டியானை வண்டி வரப்போரம் நின்றது. ஜோதியைத் தூக்கி அதில் போட்டான்.

அவனுடைய அண்ணனை மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி பாம்பு கடித்து, உத்திராபதி பிழைக்க வைத்திருந்தார். வேறு ஆஸ்பத்திரி என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. வண்டி ரோட்டைத் தொட்டதும் டிரைவர் கேட்டான்: "எந்தப் பக்கம்ணே?"

தமிழழகன் போனைத் திறந்து கிளினிக்கின் வெப்சைட்டைப் பார்த்தான். பட்டை இல்லை.

"பெரம்பலூர்," என்றான்.

ஜோதி அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒடித்த கதிரை மாடு மேய்ந்துவிடும், யாரையாவது நிற்கச் சொல் என்றாள். கொஞ்ச தூரம் போனதும் கண் இமை தூக்க முடியவில்லை என்றாள். கிளினிக் வாசலில் இறக்கியபோது பேச்சு குழறியது.

அனிதா ஓடிவந்தாள். "அண்ணே, டாக்டர் அரியலூர்ல இருக்காருண்ணே! பட்டை போட்டேனே, பாக்கலையா?" அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவளும் அதற்குமேல் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதே வண்டியில் ஏறிக்கொண்டு, ஜோதியின் தலையை மடியில் வைத்து, மூச்சு நின்று நின்று வந்தபோது வாயோடு வாய் வைத்து ஊதி, பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஜோதி இறந்துபோனாள். போன நேரம் போனதுதான், எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் அனிதாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டை ஏன் போடவில்லை? போட்டேன் என்றாள். தன் போனை நீட்டிக் காட்டினாள், 'பதிவாகிவிட்டது'. அவர்கள் தங்கள் போன்களில் வெப்சைட்டைத் திறந்து காட்டினார்கள். எதிலும் பட்டை இல்லை. ஒரு உயிரை வாங்கிவிட்டுப் பொய் வேறு சொல்கிறாள் என்று தமிழழகன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவள் முகத்தில் அடித்தான்.

டாக்டர் அன்று மாலையே குருநாதனுக்குப் போன் போட்டார். "உங்க பக்கம் எதாச்சும் கோளாறா?" குருநாதன் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார். முத்தமிழ் வெப்சைட்டைத் திறந்தாள். பிறகு மண்டபத்து வேலைக்கு நம்ம ஆளு எழுதியிருந்த பதிலை முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"சார், நாமதான் சார். பட்டைய எல்லாத்துலயும் மறைச்சுட்டோம் சார்."

குருநாதன் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். "மொள்ளப் பேசு. பழையபடி ஆக்கச் சொல்லு, மொதல்ல."

நம்ம ஆளு ஒரு நிமிஷத்தில் பழையபடி ஆக்கிவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. கிளினிக்கின் வெப்சைட்டில் பட்டை மறுபடியும் வந்தது. அனிதா காலையில் தட்டிய அதே வரி: 'டாக்டர் இன்று அரியலூரில்'. ஜோதி அப்போது பிணவறையில் இருந்தாள்.

குருநாதன் டாக்டரிடம், "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. பட்டை இருக்கே, நீங்களே பாருங்க" என்றார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அதுதான் அனிதாவை முடித்தது. பகலெல்லாம் இல்லாத பட்டை சாயங்காலம் எப்படி வந்தது? ஊருக்குப் பதில் கிடைத்துவிட்டது. காலையில் மறந்துவிட்டாள், உயிர் போனதும் பயந்துபோய்ப் போட்டிருக்கிறாள். பட்டை இல்லாத படத்தையும் இருக்கிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'செத்தபின் போட்ட பட்டை' என்று எழுதி, அவளுடைய போன் நம்பரோடு வாட்ஸ்அப்பில் விட்டார்கள். டாக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முத்தமிழ் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் குருநாதனிடம், "நான் போயிச் சொல்லப் போறேன் சார்" என்றாள்.

"யார்கிட்ட? அவங்ககிட்டயா? ஆபீஸ அடிச்சு நொறுக்கிடுவானுங்க. நீ என்ன வேணும்னா செஞ்ச? மெஷின் செஞ்சதும்மா."

"மெஷின் கேக்கத்தான சார் செஞ்சுது? நாமதான கேக்காதன்னோம்."

"போறதுன்னா அப்படியே போயிடு. திரும்ப இங்க வராத."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். என்னைக் கேட்டால் பயந்தவன்தான் அதிகம் கெடுப்பான். முத்தமிழ் நேரே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தப் பொண்ண வரச் சொல்லும்மா. வேலை இருக்கு" என்றார். அனிதாவின் நம்பருக்கு முத்தமிழ் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு, குன்னம் பஸ் ஏறினாள். அடித்தவன் வாயாலேயே சொன்னால்தான் அனிதா நம்புவாள் என்று முத்தமிழுக்குத் தோன்றியது.

எழவு வீட்டில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. தமிழழகன் மழிக்காத முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சாலோரம் ஒடித்துப் போட்ட கதிரை யாரோ கொண்டுவந்து வாசலில் குவித்திருந்தார்கள். முத்தமிழ் உட்காரவில்லை. நின்றபடியே, தான் யார் என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப அந்தப் பொண்ணு காலைலயே போட்டுருக்கு."

"போட்டுட்டாங்க."

"நீங்க மறைச்சுட்டீங்க."

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"ஒரு கல்யாண மண்டபத்துல... கருப்பு ஆவாதுன்னாங்க."

அவன் அவளை அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் தன் காலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜோதி வாயில அந்தப் பொண்ணு மூச்சு ஊதிக்கிட்டே வந்துச்சுங்க. பெத்த தாய்கூட அப்படி ஊதாது. அது மூஞ்சிலதான் அடிச்சேன்." அதற்குமேல் பேச முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்து, "அதும் வூடு எங்கன்னு தெரியுமா?" என்றான்.

அன்றே அவன் வாட்ஸ்அப் குழுவில் தன் குரலில் பேசிப் போட்டான். நர்ஸ் மேல் தப்பில்லை, நான்தான் தப்பு செய்தேன் என்று. இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குக் கீழே யாரோ காதுகுத்துப் பத்திரிகையை அனுப்பினார்கள். செத்தபின் போட்ட பட்டையை ஊரெல்லாம் அனுப்பியவர்களில் ஒருத்தர்கூட இதை அனுப்பவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னே அவன் பைக்கிலும் முத்தமிழ் பஸ்ஸிலுமாகப் பாடாலூர் போய்ச் சேர்ந்தார்கள். ஹைவேயிலிருந்து உள்ளே நாலு தெரு தள்ளி, ஓட்டு வீடு. அனிதாவின் அம்மா பாக்யலட்சுமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தமிழழகன் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அனிதா இருக்காங்களாம்மா?" என்று முத்தமிழ் கேட்டாள்.

"இல்லியே தாயி. முந்தாநாளே திருச்சி பஸ்ஸப் புடிச்சு அங்கேருந்து திருப்பூருக்குப் போயிட்டா. பனியன் கம்பெனில வேலையாம். நர்ஸு வேலையே வேணாம்னுட்டா."

"போன் நம்பர் எதாவது இருக்கா?"

"போன இங்கயே போட்டுட்டுப் போயிட்டாம்மா. கண்ட கண்ட ஆளும் வாய்க்கு வந்தபடி திட்டுறானுவ. போயிச் சேந்துட்டு யார்கிட்டயாச்சும் வாங்கிப் பேசுறேன்னா, இன்னும் பேசல." அவள் தமிழழகனைப் பார்த்தாள். "தம்பி யாரு? நிக்கிறியே, உள்ள வாய்யா."

அவன் தான் யார் என்று சொன்னான். பாக்யலட்சுமி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "உம் பொண்டாட்டி சேதி கேட்டு எம் மவ ரெண்டு நாளா அழுதா," என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. பாக்யலட்சுமி உள்ளே போய் ஒரு போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"தெனம் காலைல இந்நேரத்துக்கு இது அடிக்குதும்மா. யாரு கூப்புடுறான்னு பாத்தா ஆளு பேச மாட்டேங்குது. எப்படி நிறுத்துறதுன்னும் தெரியல. அவ இல்லாத வூட்ல இது அடிக்கிறது நல்லாவே இல்ல. கொஞ்சம் பாரேன்."

யாரும் கூப்பிடவில்லை, அலாரம். திரையில் அனிதா எழுதி வைத்திருந்தாள்: 'டாக்டரைக் கேட்டுப் பட்டை போடணும்.'

தமிழழகன் போனை வாங்கினான். நிறுத்துகிற இடத்தில் விரலை வைத்தவன் அழுத்தாமல் முத்தமிழைப் பார்த்தான்.

"டாக்டரு இன்னைக்கு எங்கங்க இருக்காரு?"

முத்தமிழ் தன் போனில் கிளினிக்கின் வெப்சைட்டைத் திறந்தாள். உச்சியில் கருப்புப் பட்டை பளிச்சென்று இருந்தது. 'டாக்டர் இன்று அரியலூரில்'. ஜோதி செத்த நாளில் போட்டது. அனிதா போனபின் அதை எடுக்கவும் ஆள் இல்லை, மாற்றவும் ஆள் இல்லை.

"தெரியலைங்க," என்றாள்.